அரிசி ஆமை

காவ்சியுங்
12 ஜனவரி 1997

அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அங்கே இது காற்றுக் காலம். இங்கே காற்றே இல்லை. ஜன்னல்களைத் திறக்க முடியாத ஆஸ்பத்திரி.

போனில் சொல்லத்தான் நினைத்தேன். வராந்தாவில் ஒரே போன். பின்னால் எப்போதும் நாலு பேர். அதைவிட, போனில் நீ குரலை மாற்றிக்கொண்டு தைரியம் சொல்வாய். எழுத்தில் உனக்கு நடிக்க வராது. நீயும் எழுது.

யீநிங்கின் ரத்தப் புற்று மருந்துக்கு அடங்கவில்லை. இன்னொருவரின் எலும்பு மஜ்ஜை வேண்டும். என்னுடையது பாதிதான் பொருந்துகிறது. அவள் அப்பாவுடையதும் பாதி. கூடப் பிறந்தவர்கள் இருந்தால் முதலில் அங்கே பார்ப்பார்களாம். ஒன்றே போதும் என்று சொன்னது நான்தான்.

இனி வெளியார்தான். மஜ்ஜை வங்கியில் இன்னும் அதிகம் பேர் பதியவில்லை. டாக்டர் கேட்டார்: "உங்க பூர்வீகம் எந்தப் பக்கம்மா?" பெங்ஹு தீவு என்றேன். "தீவுக்காரங்க தலைமுறை தலைமுறையா தங்களுக்குள்ளயே கட்டிக்கிட்டவங்க. அங்க தேடிப் பாருங்க" என்றார். வங்கி ஆள் அனுப்பி ரத்தம் எடுக்கும். ஆனால் ஒவ்வொருவர் ரத்தத்தையும் வகை பார்க்கிற செலவை ஊர் திரட்டித் தர வேண்டும்.

நீ கோயில் கமிட்டியில் இருக்கிறாய். கேள்.

யீநிங் உனக்கு ஒரு கணவாய் வரைந்திருக்கிறாள். பத்துக் கைக்கு ஏழுதான் இருக்கிறது. மீதியை அவளே சாப்பிட்டுவிட்டாளாம்.

சூபின்


பெங்ஹு
30 ஜனவரி

சூபின்,

நாங்கள் சுகம். என் முழங்கால் ரேடியோவுக்கு முன்னாலேயே வானிலை சொல்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

கமிட்டியில் கேட்டேன். தலைவர் லூ பல்லைக் குத்திக்கொண்டே, "ஒரு பொண்ணுக்காக ஊரே கைய நீட்டணுமா?" என்றார். "உங்க ஆமைக்காக ஊரே வருஷா வருஷம் அரிசி கொட்டலையா?" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கும்போது யோசனை வந்திருந்தது. விளக்குத் திருவிழாவுக்குக் கடலம்மா முன்னால் அரிசி மூட்டைகளை ஆமையாக அடுக்குகிறோமே, இந்த முறை அதை மூட்டை மூட்டையாக ஊருக்கு விற்கிறோம். ஒரு மூட்டைக்குக் கொடுக்கிற பணம் ஒருவரின் ரத்தத்துக்கு. அரிசி வழக்கம்போல இல்லாத வீடுகளுக்கு.

பணம் வந்துவிடும். கைதான் வராது. கேக் கடை லின்சின் மாமி தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்: "முதுகுத்தண்டுத் தண்ணிய உறிஞ்சிருவாங்க. அப்புறம் ஆம்பளை படகுல நிமிந்து நிக்க முடியாது. படுக்கையிலயும்தான்."

நான் வீடு வீடாகப் போகிறேன். முதுகு இல்லை, இடுப்பு எலும்பு என்கிறேன். நம்பாதவர்களுக்கு என் இடுப்பையே தட்டிக் காட்டுகிறேன். "உன் இடுப்புல எடுத்தா ஊருக்கே போதும்க்கா" என்கிறார்கள் ஐஸ் தொழிற்சாலைப் பையன்கள். போகட்டும். சிரிக்கிறவன் கையை நீட்டுவான்.

ஒத்துக்கொண்டவர்கள்: அந்தப் பையன்கள் எல்லோரும். பள்ளிக்கூட வாத்தியார்கள். படகுத்துறைக் கணக்கர். தலைவர் லூவின் இரண்டு மருமகள்கள். மகன்கள் இன்னும் யோசிக்கிறார்கள்.

கணவாயை அரிசிப் பானைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

யுவேசியா


காவ்சியுங்
9 பிப்ரவரி

அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? எல்லோரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீ எழுதிய பெயர்களை மறுபடி மறுபடி படித்தேன். லூவின் மருமகள்கள்வரை இருக்கிறார்கள். உன் மகன் தெங்ஷுன் இல்லை. பட்டாளச் சேவை முடித்து டிசம்பரிலேயே வந்துவிட்டான் என்று நீயே எழுதியிருந்தாய். இருபத்துமூன்று வயது. வங்கி தேடுகிற வயது.

மறந்திருப்பாய். மறந்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

பக்கத்துப் படுக்கைப் பையனின் அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொல்கிறாள்: "சீக்குன்னு தெரிஞ்சா மொதல்ல காணாமப் போறது சொந்தந்தான். வெளியாளு கூட ரெண்டு தரம் வந்து பாத்துட்டுத்தான் போவான்." எனக்கு அக்கா இருக்கிறாள் என்றேன். "கூடப் பொறந்தவளா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் ஒரு சுளையை நீட்டினாள்.

யீநிங்குக்கு முடி கொட்டிவிட்டது. ஒரு தொப்பி பின்னி அனுப்பு. காதை மூடக் கூடாதாம். எல்லோரும் வெளியே போய்ப் பேசுவது அவளுக்குக் கேட்க வேண்டுமாம்.

சூபின்


பெங்ஹு
24 பிப்ரவரி

சூபின்,

சுகம். எல்லோரும் சுகம். தொப்பி இத்துடன்.

தெங்ஷுன் என் வீட்டுப் பிள்ளை. அவனை ஏன் ஊர்க்காரர்களோடு சேர்த்து எழுத வேண்டும் என்று விட்டேன். வரிசையில் அவன்தான் முதல். எனக்கு வயது தாண்டிவிட்டதாம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். நர்ஸ் ஊசியை எடுத்ததும் அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். "பட்டாளத்துல இதத்தான் கத்துக் குடுத்தாங்களா?" என்று அவள் கேட்க, வரிசையே சிரித்தது. பிறகு ஒருவரும் பின்வாங்கவில்லை. காற்று மேசைத் துணியைத் தூக்கியது. எடுத்த ரத்தம் வைத்த பெட்டி பறக்காமல் இருக்கத் தலைவர் லூ அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். அவருடைய பங்கு அது.

யீநிங் திருவிழாவைப் பார்த்ததில்லையே, அவளுக்குப் படித்துக் காட்டு:

ஆமை கோயில் கூடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. கண்ணுக்கு இரண்டு ஆரஞ்சு வைத்தோம். ஆமை யாருக்கு என்று கடலம்மாவைக் கேட்க, பிறை மாதிரி இரண்டு மரக்கட்டைகளைத் தரையில் போடுவோம். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் அவள் சரி என்கிறாள். இரண்டும் கவிழ்ந்தால் மாட்டேன் என்கிறாள். இரண்டும் மல்லாந்தால் சிரிக்கிறாள். நீ கேட்ட கேள்வியே சரியில்லை என்று அர்த்தம். விடாமல் அதிகம் 'சரி' வாங்கியவருக்கு ஆமை. இந்த வருஷம் யாருக்குத் தெரியுமா? உன் தெங்ஷுன் அண்ணனுக்கு.

ஆமையோடு அதிர்ஷ்டமும் வீட்டுக்கு வரும். ஆனால் வாங்கியவர் அடுத்த வருஷம் இதைவிடப் பெரிய ஆமையாகத் திருப்ப வேண்டும். யாரிடமிருந்து வந்ததோ அவர்களுக்கு அல்ல. கடலம்மாவுக்கு. அங்கிருந்து வேறு யாரோ கொண்டுபோவார்கள்.

சொந்தப் படகுகூட இல்லாதவன் எப்படித் திருப்பப் போகிறானோ. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

யுவேசியா


காவ்சியுங்
20 ஏப்ரல்

அக்காவுக்கு,

சுகம்தானே? தொப்பி பொருந்துகிறது. காது வெளியே இருக்கிறது.

நம் ஊர் ரத்தத்தில் யீநிங்குக்கு இதுவரை ஒன்றும் பொருந்தவில்லை என்கிறார்கள். சில முடிவுகள் இன்னும் வர வேண்டுமாம். எத்தனை, யாருடையது என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. கொடுப்பவர் பெயர் வாங்குபவருக்குத் தெரியக் கூடாதாம்.

நேற்று லின்சின் மாமி வந்தாள். அவள் பேரன் கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்தாளாம். கறுப்புச் சர்க்கரை கேக் கொண்டுவந்தாள். யீநிங் சாப்பிடக் கூடாது, நர்ஸுகள் சாப்பிட்டார்கள். போகிறபோது சொன்னாள்: "ஒங்க அக்கா மகன மறுபடியும் ரத்தத்துக்குக் கூப்பிட்டாங்களாமே. கப்பல்ல பாத்தேன், முழங்கையில பஞ்சு ஒட்டியிருந்துச்சு. ஒனக்குத் தெரியாதா? ஐயய்யோ, பாழாப்போன வாயி."

எனக்குத் தெரியாது.

பொருந்துகிற மாதிரி இருந்தால்தான் இரண்டாவது முறை கூப்பிடுவார்கள். இங்கே நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள். சும்மா என்றேன்.

அக்கா, தெங்ஷுனை ஏன் கூப்பிட்டார்கள்?

சூபின்


பெங்ஹு
25 மே

சூபின்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கல்லறைகளுக்குப் போய்ப் புல் வெட்டினோம். அம்மாவின் கல்லில் விரிசல். பூசியாயிற்று. நிலக்கடலை விதைத்துவிட்டோம், இந்த வருஷம் மழை பரவாயில்லை. உன் அத்தான் படகு இயந்திரம் பழுது. தெங்ஷுன் நலம். கொஞ்சம் களைப்பு.

யீநிங்கைப் பற்றி எழுது. நீ தூங்குகிறாயா?

யுவேசியா


காவ்சியுங்
2 ஜூன்

அக்கா,

உன் முழங்காலைப் பற்றிக் கேட்கப் போவதில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. நீ கல்லறையை எழுதினாய், கடலையை எழுதினாய், இயந்திரத்தை எழுதினாய். உனக்கு நடிக்க வராது என்று சொன்னேன் அல்லவா. உன் கடிதம் முழுக்க அவன் இருக்கிறான். நீ சுற்றிச் சுற்றி நடந்த இடமெல்லாம் தெரிகிறது.

லின்சின் மாமியை நானே போனில் கூப்பிட்டேன். ஆமாம், கூப்பிட்டேன். சொன்னாள்: "கோயில்ல ஒங்க அக்கா கட்டை போட்டா. மூணு தரம். ஆளே வெளுத்துப் போயிட்டா. என்னடின்னு கேட்டா எந்திரிச்சுப் போயிட்டா."

என்ன கேட்டாய் கடலம்மாவிடம்? என் மகனைக் கொடுக்கலாமா என்றா? வேண்டாம் என்றாளா? ஊரில் எல்லோரிடமும் இடுப்பைத் தட்டிக் காட்டினாயே. உன் வீட்டுக்குள் வந்ததும் அது முதுகுத்தண்டாகிவிட்டதா?

உனக்கு ஒரே மகன். தெரியும். எனக்கும் எண்ணத் தெரியும்.

பக்கத்துப் படுக்கைப் பையனின் அம்மா இப்போது எதுவும் சொல்வதில்லை. அந்தப் படுக்கை காலி.

சூபின்


காவ்சியுங்
10 ஜூலை

அக்காவுக்கு,

புயலால் கப்பல் ஓடவில்லை என்று செய்தியில் பார்த்தேன். உன் கடிதம் துறையில் நனைந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். வேறு எதை வைத்துக்கொள்வது?

யீநிங்குக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. நேற்று கேட்டாள்: "அண்ணன் அடுத்த வருஷம் பெரிய ஆமை குடுக்கணும்ல. அதுக்கு அடுத்த வருஷம் வாங்குறவங்க அதைவிடப் பெருசா. அப்படியே போனா ஒரு நாள் கோயிலுக்குள்ள எடமே இருக்காதேம்மா?"

"அப்ப வெளிய வைப்பாங்க."

"அப்புறம் ஊரே பத்தாதே?"

"தூங்குடி."

"பெரியம்மா ஏன் லெட்டர் போடல? நீ திட்டி எழுதுனியா?"

தொப்பியில் காதை மூடியிருக்க வேண்டும்.

ஒரு வரி போதும். அவன் மாட்டேன் என்றான் என்றாவது எழுது. தெரிந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சூபின்


பெங்ஹு
25 ஜூலை

சித்திக்கு,

தெங்ஷுன் எழுதுகிறேன். நீங்களும் சித்தப்பாவும் சுகமா? யீநிங்குக்குக் காய்ச்சல் விட்டதா? நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் இரண்டு கடிதமும் கடலம்மா படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. எடுத்துப் படித்துவிட்டேன்.

என் ரத்தம் பொருந்தியது. யீநிங்குக்கு அல்ல.

யாரென்று சொல்ல மாட்டார்கள். ஆண், நாற்பதைத் தாண்டியவர். அவ்வளவுதான். வங்கியிலிருந்து வந்த பெண்ணிடம் கேட்டேன்: "அத அப்படியே எங்க சித்தி பொண்ணுக்குக் குடுத்துருங்களேன்?" அவர் டீயைக் கீழே வைத்தார். "தம்பி, சாவி மாதிரி இது. ஒன்னோடது அவரு வீட்டுப் பூட்டத்தான் தெறக்கும்" என்றார். எனக்கு முட்டாளாகிப் போன மாதிரி இருந்தது. ஆனால் மறுபடியும் ஒரு தடவை கேட்டேன்.

முதல் ஆளாகக் கையை நீட்டினேன். ஆமையும் எனக்கே கிடைத்தது. அதனால் யீநிங்குக்கு நான்தான் என்று உள்ளுக்குள் நிச்சயமாக நம்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஊர் அத்தனை மூட்டையும் வாங்கியது அவளுக்காக. நான் போய் வேறு யாருக்கோ மஜ்ஜையைக் கொடுத்தால் என்ன சொல்வார்கள்?

அம்மா கடலம்மாவிடம் கேட்டது, என்னைக் கொடுக்கலாமா என்று அல்ல. உங்களிடம் சொல்லலாமா என்று. மூன்று முறையும் கட்டை சிரித்தது. அம்மா வீட்டுக்கு வந்து சொன்னாள்: "சித்தி சரின்னு சொல்லாம நீ போகக் கூடாது. ஆனா அவகிட்ட போயி இதக் கேக்கவும் கூடாது." "அப்ப நான் என்னதாம்மா பண்ண?" என்றேன். "மீனைக் கழுவு" என்றாள்.

ஆகஸ்ட் நடுவில் வரச் சொல்கிறார்கள். அதற்கு மேல் அவருக்குத் தாங்காதாம்.

நீங்கள் வேண்டாம் என்றால் போகமாட்டேன் சித்தி. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

தெங்ஷுன்


காவ்சியுங்
30 ஜூலை

தெங்ஷுன்,

நாங்கள் சுகம். காய்ச்சல் குறைந்திருக்கிறது.

உன் கடிதத்தை முதலில் பொய் தேடிப் படித்தேன். அம்மா சொல்லிக் கொடுத்து எழுதினாயோ என்று எழுத்தை வெளிச்சத்தில் வைத்துக்கூடப் பார்த்தேன். மீன் வாசனை அடித்தது. பிறகு நம்பினேன்.

இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. அந்த மனிதரை வெறுக்க முயன்றேன். முகம் இல்லாதவரை வெறுப்பது சிரமமாக இருக்கிறது.

போ.

குப்புறப் படுக்கவைத்து, மயக்கம் கொடுத்து, இடுப்பு எலும்பில் எடுப்பார்கள். அம்மாவுக்குத் தெரியும். இருந்தாலும் மறுபடி சொல். எந்த ஆஸ்பத்திரி என்று எனக்குச் சொல்லாதே. தெரிந்தால் வாசலில் போய் நின்று, உள்ளே போகிற நாற்பது வயதுக்காரர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

சித்தி


பெங்ஹு
22 செப்டம்பர்

சூபின்,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

தெங்ஷுன் போய்விட்டு வந்துவிட்டான். ஒரு வாரம் நண்டு மாதிரி நடந்தான். ஐஸ் தொழிற்சாலைப் பையன்கள் பின்னாலேயே பக்கவாட்டில் நடந்து காட்டினார்கள். லின்சின் மாமி படிக்கட்டில் உட்கார்ந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் அவன் நிமிர்ந்து நின்று வலை இழுத்ததும் ஏமாந்த முகத்தோடு எழுந்து போனாள். மறுநாள் ஈரல் சூப் வைத்து அவளே கொண்டுவந்தாள். "குடிடா. ஆனாலும் நான் சொன்னது சொன்னதுதான்" என்றாள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். என் பிள்ளையின் மஜ்ஜை ஒருவருக்கு ஆகிறது, உன் பிள்ளைக்கு ஆகாது. இந்த வாக்கியத்தை எந்தப் பக்கத்திலிருந்து எழுதினாலும் உன் கதவில் போய் இடிக்கிறது. நீ என்னைச் சந்தேகப்பட்டது எனக்கு வசதியாகக்கூட இருந்தது. திட்டிக்கொண்டாவது நம்பிக்கையோடு இருக்கிறாளே என்று.

நிலா விழாவுக்கு நீ இல்லாமல் பம்பளிமாஸ் உரித்தோம். யீநிங்குக்கு ஒன்று அனுப்புகிறேன். தின்ன முடியாவிட்டால் தோலைத் தொப்பியாக வைத்துக்கொள்ளட்டும். காது வெளியே.

யுவேசியா


காவ்சியுங்
2 பிப்ரவரி 1998

அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தடவிக்கொள்ள எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். வெந்நீர் ஒத்தடம் கொடு, சோம்பல் படாதே.

தெங்ஷுனின் ஆமை போன வருஷத்து ஆமையைவிடப் பெரிதாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். லூவின் மகன்கள்கூட இந்த முறை கை நீட்டுகிறார்களாம். என் பேரில் ஒரு மூட்டை வை. யாருக்கும் தெரியாமல் அடியில்.

போன வருஷம் இங்கே என் ரத்தத்தை எடுத்த அன்று ஒரு பெண் கேட்டாள்: "வேற யாருக்காவது பொருந்துச்சுன்னா குடுப்பீங்களாம்மா?" என் பெண்ணுக்கு மட்டும் என்றேன். அவள் தாளில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். நானும் அதை மறந்துவிட்டேன், ஊரையெல்லாம் சந்தேகப்படுகிற வேலையில். நேற்று போய் மாற்றிச் சொன்னேன். வயது இன்னும் இருக்கிறதாம்.

இனி செய்தி. டாக்டர் கூப்பிட்டார். யீநிங்குக்கு ஒருவர் பொருந்துகிறார். பெண். இருபத்தாறு வயது. அதற்கு மேல் சொல்ல மாட்டார்கள். அவளிடம் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் இல்லை.

யீநிங்கிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். காதுதான் வெளியே இருக்கிறதே.

நான் தூங்குவதில்லை. எங்கோ ஒரு வீடு. அந்தப் பெண் மீன் கழுவிக்கொண்டிருக்கலாம். அவள் அம்மா கோயிலில் குனிந்து கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கலாம். யாருக்கோ எழுத வேண்டியதை எழுதாமல், கடலையையும் மழையையும் எழுதிக்கொண்டிருக்கலாம். அவர்கள்மேல் கோபம் வரவில்லை. பயம்தான். அந்தத் தெருவிலும் ஒரு லின்சின் மாமி இருப்பாள். நிச்சயம் இருப்பாள். காலையிலிருந்து இரவுவரை சொல்லிக்கொண்டிருப்பாள்.

அங்கே கதவைத் தட்டி, தன் இடுப்பைத் தட்டிக் காட்ட, உன்னைப் போல ஒருத்தி இருக்கிறாளா அக்கா?

சூபின்